பழைய ஜீப்பும் ஐப்பசிச் சேறும்: லாக்கருக்கு முன்னால் செய்த வேலைகள்

ஆவணி

வண்டி மஹிந்திரா எம்எம் 540. பெஜோ டீசல் இன்ஜின், 2112 சிசி. ஒடுகத்தூர் தாண்டி ஜவ்வாது மலை அடிவாரத்தில் மச்சானுக்குக் கொல்லை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அங்கே போய்வரணும், தேவை அவ்வளவுதான். தார் ரோட்டை விட்டு இறங்கினால் செம்மண்ணும் களிமண்ணும் மாறி மாறி வரும், நடுவில் ஒரு ஓடை. போன மழைக்கு டிராக்டர் வந்து இழுத்துவிட்டது. டிராக்டர்காரர் காசு வாங்கவில்லை, ஆனால் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

இந்த விஷயத்தில் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் பனி விழும் நாட்டுக்காரர்களுடையது. பழைய பிக்கப்பைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்கிறவர்கள் பனி டயர், பின்பக்கம் மணல் மூட்டை, ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது இழுக்கும்படி அச்சுக்குள் மாட்டும் எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்), லாக்கர் என்று அடுக்குகிறார்கள். பனி டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழேயும் விறைத்துப் போகாமல் இருக்கச் செய்தது. மார்கழி விடியலில்கூட நம் ஊருக்கு அந்தக் குளிர் வராது, சித்திரை வெயிலில் அந்த ரப்பர் நிற்காது. தள்ளிவிட்டேன். மணல் மூட்டை, காலியாக ஓடும் பிக்கப்பின் பின்பக்கம் லேசாக இருப்பதால் போடுவது. எனக்குப் பின் சீட்டில் ஆள் இருக்கும். மிச்சம் எல்எஸ்டியும் லாக்கரும்.

இவற்றுக்கு ஏன் இவ்வளவு மவுசு என்றால், அச்சின் நடுவில் இருந்து விசையைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் சமமான விசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் வழுக்கலில் சும்மா சுற்றினால் அதற்குக் கிடைக்கும் அற்ப விசைதான் கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும். லாக்கர் இரண்டையும் ஒரே அச்சாகக் கட்டிவிடும். எல்எஸ்டி கட்டாது, ஓரளவு பிடித்துக் கொடுக்கும்.

லாக்கர் விலை விசாரித்துக்கொண்டு மெக்கானிக் பாயிடம் போனேன். அவர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "இன்னா சார், இருக்கிறது வேலை செய்யுதான்னு பாக்காம புதுசு மாட்டணும்ன்றீங்க?" என்றார்.

புரட்டாசி

பாய் செய்த சோதனையை எழுதி வைக்கிறேன், பழைய ஜீப் வைத்திருக்கும் எல்லோருக்கும் உதவும். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு முன் சக்கரம் இரண்டையும் ஜாக்கில் தூக்கினார். முன் சக்கரத்தை ஷாஃப்ட்டோடு சேர்க்கும் ஹப் இரண்டையும் லாக்கில் திருப்பி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் விசையைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸை நாலு வீலில் போட்டு, வண்டியைக் கியரில் விட்டார். இப்போது வலது சக்கரத்தை முன்னோக்கிக் கையால் சுற்றினால் இடது சக்கரம் பின்னோக்கிச் சுற்றணும். வலது சுற்றியது. இடது அசையவே இல்லை.

இடது ஹப்பின் போல்ட்டுகளைக் கழற்றி மூடியை எடுத்தால், உள்ளே கிரீஸ் கட்டிப் பெருங்காயம் மாதிரி இறுகிக் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பற்களை இணைக்கும் வளையம் பாதி வழியில் சிக்கி நின்றது. வெளியே குமிழ் லாக் என்று காட்டும், உள்ளே எதுவும் சேரவில்லை. ஒரு பக்க ஹப் சேரவில்லை என்றால் முன்பக்கம் பாதி பலத்தோடு இழுக்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. டிஃபரன்ஷியல் அந்த ஓட்டைப் பக்கத்து ஷாஃப்ட்டைச் சும்மா சுற்றிவிட்டுப் போகும், முன்பக்க இழுவை மொத்தமும் பூஜ்யம். விற்றவர் நாலு வீல் என்று சத்தியம் செய்த வண்டி இவ்வளவு நாளும் இரண்டு வீலில்தான் ஓடியிருக்கிறது. லாக்கர் மாட்டியிருந்தாலும் அது இரண்டு வீல் வண்டிக்கு மாட்டிய லாக்கர்தான்.

ஹப்பை மண்ணெண்ணெயில் கழுவி, பற்கள் நன்றாக இருந்ததால் ஸ்பிரிங் மட்டும் மாற்றி, புது கிரீஸ் அளவாக வைத்து மூடினோம். அளவாக என்பது முக்கியம். அள்ளி அப்பினால் திரும்பச் சிக்கும்.

கையோடு ஆயில்களையும் இறக்கினோம். பின் டிஃபரன்ஷியல் இருக்கும் ஹவுசிங்கில் இருந்து வந்தது வெள்ளை பாய்ந்து கலங்கலாக இருந்தது. ஓடையில் இறங்கும்போது சூடான ஹவுசிங் சட்டென்று குளிரும், உள்ளே காற்று சுருங்கும், காற்றுப் போக்குத் துளையான ப்ரீதர் வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சீல் மாற்றி, ப்ரீதரில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி இன்ஜின் பக்கம் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினோம். இதை எந்த மழைக்கால வண்டிக்கும் முதல் வேலையாகச் செய்யலாம், செலவு அற்பம்.

டயரில்தான் நண்பர்களோடு சண்டை. எல்லோரும் 31 அங்குல அகல டயர் போடச் சொன்னார்கள். பார்க்க மிரட்டலாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஜீப்பின் பழைய 6.00-16 டயர் ஏறக்குறைய 29 அங்குல உயரம். 31 போட்டால் சக்கரச் சுற்றளவு 7 சதவீதம் கூடும், கியர் அத்தனையும் அந்த அளவுக்கு இழுவையில் குறையும். இந்த இன்ஜினிடம் தானம் கொடுக்க அவ்வளவு பலம் இல்லை. மட்கார்டுக்கு வெளியே டயர் நீட்டிக்கொண்டிருந்தால் எஃப்சியில் வேறு பதில் சொல்லணும். மேலே சேறு, கீழே கெட்டித் தரை என்றால் ஒல்லி டயர் சேற்றை வெட்டிக்கொண்டு அடித்தரையைப் பிடிக்கும். மெல்லிய பனியிலும் ஒல்லி டயரை விரும்புவது இதனால்தான். பாலாற்று மணலில் மட்டும் கதை தலைகீழ், அங்கே அகலம் வேணும். நான் பாலாற்றில் ஓட்டப் போவதில்லை, அதனால் 6.00-16 பட்டன் டயரே வாங்கினேன். ட்யூப் டயர் என்பதால் சேற்றுக்குக் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்குவதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கும் கீழே போனால் ரிம்மில் டயர் நழுவி வால்வைப் பிய்த்துவிடும்.

ஐப்பசி

நல்ல மழை பெய்து விட்ட மறுநாள் கிளம்பினோம். தார் முடியும் இடத்தில் ஹப்பைப் பூட்டி, முதலில் முன் வீல் லீவர், பிறகு லோ (வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை). இந்த ட்ரான்ஸ்ஃபர் கேஸில் முன் வீல் போடாமல் லோ விழாது. லோவில் இரண்டாவது கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் கிட்டத்தட்ட ஐடிலில் விட்டேன். களிமண் பகுதியை வண்டி முனகாமல் தாண்டியது. போன முறை டிராக்டர் இழுத்த இடம் எது என்று மச்சான் காட்டித்தான் தெரிந்தது.

ஓடையின் அக்கரை ஏற்றத்தில் நின்றது. முன் இடது, பின் வலது, இரண்டும் குழியில் சும்மா சுற்றின. மூலைக்கு மூலை மாட்டுவது என்பார்கள். ஹேண்ட் பிரேக்கை லேசாகப் பிடித்தால் சுற்றும் சக்கரம் அடங்கும் என்ற வித்தை இதில் பலிக்காது. இந்த ஜீப்பின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. கால் பிரேக்கை இடது காலால் மெல்ல அழுத்தியபடி ஆக்ஸிலரேட்டர் கொடுத்தேன். சுற்றும் சக்கரத்துக்கு எதிர்ப்பு கிடைத்ததும் மற்ற பக்கத்துக்கும் விசை போனது, வண்டி ஒரு குலுக்கலோடு ஏறிவிட்டது. பிரேக் லைனிங்குக்கு இது நல்லதில்லை.

திரும்பி வரும்போது தாரில் ஏறியதும் முன் வீலை விடுவிக்க லீவர் வரவில்லை. நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத அமைப்பு, கெட்டித் தரையில் வளைத்தால் முன்னுக்கும் பின்னுக்கும் முறுக்கம் ஏறிவிடும். நாலடி ரிவர்ஸ் எடுத்ததும் லீவர் தானாக விழுந்தது.

கார்த்திகை

ஆக, லாக்கர் வேண்டிய இடம் அந்த ஓடை ஏற்றம் ஒன்றுதான். தானாகப் பூட்டிக்கொள்ளும் ஆட்டோ லாக்கர்தான் விலை குறைவு, ஆனால் எனக்கு வேண்டாம். இதே வண்டியில்தான் ஏலகிரிக்கும் போகிறோம். 14 கொண்டை ஊசி வளைவு, மழை ஈரம், குட்டை வண்டி. வளைவில் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது பின் அச்சு பூட்டிக்கொண்டால் வண்டி திரும்பாமல் நேராகத் தள்ளும், இல்லை இரண்டு பின் சக்கரமும் சேர்ந்து வழுக்கி வால் வெளியே போகும். பனிக்கட்டி ரோட்டில் ஓட்டுகிறவர்கள் ஆட்டோ லாக்கருக்குப் பயப்படுவதும் இதே காரணத்துக்குத்தான். எல்எஸ்டி சாந்தமானது, ஆனால் சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் க்ளட்ச் வகை எல்எஸ்டி பெரிதாக உதவாது, ஆயிலிலும் தனிச் சேர்மானம் கேட்கும். மஹிந்திராவின் புது தார் (Thar) ஜீப்பில் வருவது போல, சக்கர வேக வித்தியாசம் நிமிடத்துக்கு 100 சுற்றைத் தாண்டினால் பூட்டி, வேகத்தில் பூட்டாமல் விலகி நிற்கும் ஈட்டன் கம்பெனி வகை லாக்கர்தான் மனசுக்குப் பிடித்திருக்கிறது. என் ஹவுசிங்குக்கும் ஷாஃப்ட் நுனிப் பற்களான ஸ்ப்ளைனுக்கும் பொருந்தணுமே! இல்லையென்றால் ஸ்விட்ச் போட்டுப் பூட்டும் ஏர் லாக்கர், ஆனால் அந்த விலைக்கு மச்சான் ஓடைக்கு ஒரு சின்னப் பாலமே கட்டிவிடலாம் என்கிறார்.

தையில் பாதை காய்ந்ததும் பின் ஷாஃப்ட்டை உருவி ஸ்ப்ளைனை எண்ணுவதாக பாயிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னை புதுப்பேட்டை போகணும்.