84 பிரிவுகளும் ஒரு சர்வாதிகாரமும்: இத்தாலி வாசிப்புக் குறிப்புகள்

2025 மே 4, ஞாயிறு

இத்தாலியப் பாசிசத்தைப் பற்றிப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் 1919-இல் தொடங்குகிறார்கள்: போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள், வேலைநிறுத்தங்கள், மிலான் நகரில் முசோலினி கூட்டிய சிறு கூட்டம். நான் இம்முறை 1848-க்குப் போயிருக்கிறேன். ஐரோப்பாவெங்கும் கிளர்ச்சி பரவிய அந்த ஆண்டின் மார்ச் 4 அன்று, வடமேற்கு இத்தாலியின் பீட்மாண்ட் அரசை டூரின் நகரிலிருந்து ஆண்ட மன்னர் கார்லோ ஆல்பெர்ட்டோ, நிலைமை கைமீறுவதற்குள் தன் குடிமக்களுக்கு ஓர் அரசியல் சாசனத்தை வழங்கினார். அதில் 84 பிரிவுகள் இருந்தன. நிர்வாக அதிகாரம் மன்னருக்கு மட்டுமே உரியது என்றது 5-ஆம் பிரிவு. அமைச்சர்களை நியமிப்பவரும் நீக்குபவரும் மன்னரே என்றது 65-ஆம் பிரிவு. சாசனம் என்றென்றைக்கும் உரியது, திரும்பப் பெற முடியாதது என்று முகப்புரை உறுதியளிக்கிறது. ஆனால் அதைத் திருத்த வேண்டுமானால் எப்படித் திருத்துவது என்று சொல்லும் பிரிவு ஒன்றுகூட இல்லை. அதனால் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேறும் எந்தச் சட்டமும் சாசனத்தைத் தாண்டிப் போகலாம் என்ற வழக்கம் நாளடைவில் நிலைபெற்றது. பின்னால் நடந்தவற்றில் பெரும்பகுதி இந்த ஓட்டை வழியாகவே நுழைந்தது என்பது என் எண்ணம்.

2025 மே 6, செவ்வாய்

1860 அக்டோபர் 21 அன்று நேபிள்ஸில் நடந்த பொதுவாக்கெடுப்பைப் பற்றி இன்று படித்தேன். தன்னார்வப் படையின் தலைவர் கரிபால்டி தெற்கின் பெரும்பகுதியை வென்றிருந்தார். பீட்மாண்டின் மன்னர் விக்டர் இம்மானுவேலை அரசியல் சாசனத்துக்கு உட்பட்ட மன்னராகக் கொண்ட, பிரிவினையற்ற ஒரே இத்தாலியை மக்கள் விரும்புகிறார்களா என்பதே கேள்வி. ‘ஆம்’ என்பதற்கு ஒரு பெட்டி, ‘இல்லை’ என்பதற்கு ஒரு பெட்டி. எந்தப் பெட்டியை நோக்கிக் கை நீளுகிறது என்பதை அங்கே நின்ற அத்தனை பேரும் பார்க்கலாம். ‘ஆம்’ 13 லட்சத்துக்கு மேல், ‘இல்லை’ 10 ஆயிரத்துச் சொச்சம். ஒற்றுமையை விரும்பியவர்கள் உண்மையிலேயே ஏராளம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அப்படி நடத்தப்பட்ட ஒரு வாக்கெடுப்பு அதை நிரூபிக்காது.

1861 மார்ச் 17 அன்று இத்தாலிய முடியரசு பிரகடனம் செய்யப்பட்டது. மன்னர் புதிய நாட்டின் முதலாம் விக்டர் இம்மானுவேலாக ஆகவில்லை, பீட்மாண்டில் இருந்தபடியே இரண்டாமவராகத் தொடர்ந்தார். நாடாளுமன்றத்தையும் பீட்மாண்டின் கணக்கிலேயே எட்டாவது என்று எண்ணினார்கள். சாசனமும் அதே 84 பிரிவுகள்தான். சுமார் 2.2 கோடி மக்களில் வாக்குரிமை பெற்றவர்கள் 4.2 லட்சத்துக்கும் குறைவு.

பாரதி பாடியதால் மாஜினியை நமக்குத் தெரியும். காரியத்தை முடித்த பீட்மாண்டின் பிரதமர் கவூரை அவ்வளவாகத் தெரியாது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசியல் நிர்ணய சபையே சாசனம் எழுத வேண்டும் என்று மாஜினி கேட்டுக்கொண்டே இருந்தார். 1849-இல் அவர் தலைமை தாங்கிய ரோமக் குடியரசு அப்படி ஒரு சாசனத்தை எழுதியும் முடித்தது. பிரெஞ்சுப் படை நகருக்குள் நுழைந்த நாளில்தான் அதை வெளியிட முடிந்தது.

2025 மே 9, வெள்ளி

அடுத்த இருபது ஆண்டுகளை வேகமாகக் கடந்தேன். தெற்கில் கிளர்ச்சியையும் கொள்ளையையும் அடக்க 1863-இல் பீக்கா சட்டம் வந்தது. ராணுவ நீதிமன்றங்கள் சுட்டுக்கொல்ல உத்தரவிட்டன. 1870-இல் ரோம் கைப்பற்றப்பட்டதும் போப்பாண்டவர் புதிய அரசை ஏற்க மறுத்து, கத்தோலிக்கர்கள் நாடாளுமன்றத் தேர்தலில் பங்கேற்கலாகாது என்று விலக்கி வைத்தார். ஆக, தெற்கத்திய விவசாயியும் பக்தியுள்ள கத்தோலிக்கரும் தொடக்கத்திலேயே இந்த அரசுக்கு வெளியே நின்றார்கள்.

2025 மே 15, வியாழன்

1880-களில் பிரதமர் தெப்ரெத்திஸ் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்: எதிர்க்கட்சியைத் தோற்கடிக்க வேண்டியதில்லை, அதன் உறுப்பினர்களைப் பதவியாலும் தொகுதிச் சலுகைகளாலும் ஒவ்வொருவராக நம் பக்கம் இழுத்துக்கொண்டால் போதும். ஐந்து முறை பிரதமரான ஜொலித்தி இதில் கைதேர்ந்தவர். தெற்கில் அரசு நியமித்த மாகாண ஆட்சியர்களை வைத்துத் தேர்தல்களை நடத்தினார். வடக்கில் தொழிற்சங்கங்களோடு பேசினார். 1912-இல் வாக்குரிமையைச் சுமார் 85 லட்சம் ஆண்களுக்கு விரித்தார். அவரை வெறும் சூழ்ச்சிக்காரர் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. ஆனால் ஆள்பிடிக்கும் அந்த முறை சிறிய வாக்காளர் கூட்டத்துக்கும் தனித்தனி உறுப்பினர்களுக்கும் பொருந்தியது. 1919-இல் விகிதாசாரத் தேர்தல் வந்ததும் 508 இடங்களில் சோசலிஸ்டுகள் 156, கத்தோலிக்கர்களின் மக்கள் கட்சி 100 என்று கட்டுக்கோப்பான அணிகள் அவைக்குள் வந்து உட்கார்ந்தன. அவை இரண்டும் ஒன்றுசேரவும் மறுத்தன, கரையவும் மறுத்தன. 1921-இல் ஜொலித்தி தம் பட்டியலில் பாசிஸ்டுகளையும் சேர்த்துக்கொண்டு, அதுவரை ஓர் இடமும் பெற்றிராத அந்த இயக்கத்துக்கு 35 இடங்களைப் பெற்றுத் தந்தார். பலரை விழுங்கிச் செரித்தவர், இவர்களையும் செரித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

2025 மே 16, வெள்ளி

பாசிஸ்டுகளின் ரோம் நோக்கிய பேரணியை ஒரு படையெடுப்பாகவே நான் மனத்தில் வைத்திருந்தேன். 1922 அக்டோபர் 28 காலையில் நகருக்கு வெளியே மழையில் நின்ற கருஞ்சட்டைக்காரர்களிடம், அதாவது முசோலினியின் படையினரிடம், ராணுவத்தை எதிர்க்கும் ஆயுத பலம் இல்லை. பிரதமர் ஃபாக்டாவின் அமைச்சரவை முற்றுகை நிலையை, அதாவது பொறுப்பை ராணுவத்திடம் ஒப்படைக்கும் நெருக்கடி நிலையை, அறிவிக்க முடிவெடுத்து, மாகாண ஆட்சியர்களுக்குத் தந்தியும் அனுப்பிவிட்டது. ஆணையில் கையெழுத்திட மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் மறுத்தார். மிலானிலிருந்து இரவு ரயிலில் படுத்துறங்கி வந்த முசோலினியை அக்டோபர் 30 அன்று அவரே பிரதமராக நியமித்தார். சாசனத்தில் ஓர் எழுத்தும் மீறப்படவில்லை.

நவம்பர் 16 அன்று அவையில் முசோலினி, இந்த மண்டபத்தைத் தம் படையினரின் கூடாரமாக்கியிருக்க முடியும், இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டேன் என்ற பொருளில் பேசினார். அப்படி மிரட்டியவருக்கு நம்பிக்கை தெரிவித்து 306 பேர், எதிர்த்து 116 பேர் வாக்களித்தார்கள். அந்த 306 பேரில் முன்னாள் பிரதமர்கள் ஜொலித்தி, ஒர்லாந்தோ, சலாந்த்ரா மூவரும் இருந்தார்கள். பிற்காலத்தில் குடியரசின் பிரதமராகப் போகிற தெ காஸ்பெரியும் இருந்தார். எனக்கு இந்த எண்ணிக்கைதான் தூக்கத்தைக் கெடுக்கிறது, கருஞ்சட்டை அல்ல.

அடுத்த ஆண்டு வந்த அச்செர்போ சட்டப்படி, நாடு முழுவதும் 25 சதவீத வாக்குடன் முதலிடம் பெறும் பட்டியலுக்கு மூன்றில் இரண்டு பங்கு இடங்கள். அதைப் பரிசீலித்த குழுவின் தலைவர் ஜொலித்தி. 1923 ஜூலையில் 223-க்கு 123 என்று அவை அதை நிறைவேற்றியது. மக்கள் கட்சியினரில் பெரும்பாலோர் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள்.

2025 மே 22, வியாழன்

1924 ஏப்ரல் தேர்தல் வன்முறையாலும் மிரட்டலாலும் கறைபட்டது என்று மே 30 அன்று சோசலிஸ்டு உறுப்பினர் மத்தேயோத்தி, இடைவிடாத கூச்சலுக்கு நடுவே, அவையில் எடுத்துரைத்தார். ஜூன் 10 அன்று டைபர் நதிக்கரைச் சாலையில் அவரைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்க் கொன்றார்கள். அந்தக் கார் முந்தைய நாள் அப்பகுதியில் சுற்றியபோது, திருடர்களோ என்று ஐயுற்ற ஒரு வாயிற்காவலர் அதன் எண்ணைக் குறித்து வைத்திருந்தார். தடயம் ஆட்சியின் உள்வட்டம் வரை போனது. எதிர்க்கட்சியினர் அவையைப் புறக்கணித்து வெளியேறி, மன்னர் செயல்படுவார் என்று காத்திருந்தார்கள். மன்னர் அசையவில்லை. மேலவையோ ஜூன் 26 அன்று 225-க்கு 21 என்று அரசுக்கு நம்பிக்கை தெரிவித்தது; ஆதரித்தவர்களில் தத்துவ அறிஞர் குரோச்சேயும் ஒருவர்.

1925 ஜனவரி 3 அன்று முசோலினி அவைக்குச் சாசனத்தின் 47-ஆம் பிரிவை நினைவுபடுத்தினார். மன்னரின் அமைச்சர்கள் மீது குற்றம் சாட்டி உயர்நீதி மன்றத்தின் முன் நிறுத்தும் உரிமை கீழவைக்கு உண்டு என்பது அந்தப் பிரிவு. இதைப் பயன்படுத்த விரும்புகிறவர் யாரேனும் உண்டா என்று கேட்டார். ஒருவரும் முன்வரவில்லை. நடந்த அனைத்துக்கும் தாமே பொறுப்பு என்று அறிவித்தார். குற்றம் சாட்டக்கூடியவர்கள் அவைக்கு வெளியே ஒழுக்கத்தைக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

2025 மே 25, ஞாயிறு

அதன்பின் எல்லாம் சட்டமாகவே வந்தது. 1925 டிசம்பர் சட்டப்படி அரசாங்கத்தின் தலைவர், அதாவது முசோலினி, மன்னருக்கு மட்டுமே பொறுப்பு. முசோலினியின் சம்மதமின்றி அவையின் நிகழ்ச்சி நிரலில் எதையும் சேர்க்க முடியாது. 1926 நவம்பரில் ஏறத்தாழ 120 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பதவி பறிக்கப்பட்டார்கள். 1929 மார்ச்சில் ஒரே பட்டியலுக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ சொல்லச் சொன்னார்கள். ‘ஆம்’ சீட்டில் மூவர்ணம், ‘இல்லை’ சீட்டு வெறும் வெள்ளை. ‘ஆம்’ சுமார் 85 லட்சம்.

1943 ஜூலையில் பாசிஸ்டுப் பெருமன்றமே 19-க்கு 8 என்று முசோலினிக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. 5-ஆம் பிரிவை மேற்கோள் காட்டி, படைகளின் தலைமையை மீண்டும் ஏற்குமாறு அது மன்னரை வேண்டியது. பிரதமரை நீக்க இருபது ஆண்டுகளும் வைத்திருந்த அதிகாரத்தை மன்னர் அப்போதுதான் எடுத்துப் பயன்படுத்தினார்.

1946-இல் பெண்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நிர்ணய சபை புதிய சாசனத்தை எழுதியது. அதைத் திருத்த இரு அவைகளும் மூன்று மாத இடைவெளியாவது விட்டு இரண்டு முறை வாக்களிக்க வேண்டும். சட்டங்களைச் சோதிக்க ஓர் அரசியல் சாசன நீதிமன்றமும் உண்டு. ஆனால் அது 1956-இல்தான் வேலையைத் தொடங்கியது. காவல்துறையின் முன்அனுமதியின்றித் துண்டறிக்கை கொடுத்தார்கள், சுவரொட்டி ஒட்டினார்கள் என்று தொடுக்கப்பட்ட வழக்குகளில்தான் அதன் முதல் தீர்ப்பு வந்தது. அதில் ரத்தான விதி 1931-ஆம் ஆண்டுப் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்தது. முசோலினி இறந்து பதினொரு ஆண்டுகளாகியும் அதன்கீழ் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.