பழைய பக்கத்தைப் புதிதாக வைத்திருக்கும் வேலை

மாதத்துக்கு எத்தனை கட்டுரை போட்டால் கூகுளில் மேலே வரலாம்? இணையதள உள்ளடக்க வேலைக்கு வந்ததிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். நிறுவன உரிமையாளர் கேட்பார், மார்க்கெட்டிங் பிரிவுத் தலைவர் கேட்பார், நேற்றுச் சேர்ந்த எழுத்தாளரும் கேட்பார். எல்லோருக்கும் ஓர் எண் வேண்டும். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: ஏற்கெனவே போட்ட பக்கங்களை யாராவது கடைசியாக எப்போது முழுசாகப் படித்தீர்கள்? பெரும்பாலும் அங்கே பேச்சு நின்றுவிடும்.

எழுதியதைச் சரியாக வைத்திருக்கிற தளம்தான் தேடலில் நிற்கிறது. புதிது புதிதாக எழுதிக் குவிக்கிற தளம் கொஞ்ச நாள் ஏறும், பிறகு தன் பாரத்திலேயே சரியும். இதைப் பல தளங்களில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

புதிய உள்ளடக்கத்துக்குக் கூகுள் மதிப்புத் தருவது உண்மைதான். 2010 ஜூனில் காஃபீன் என்ற புதிய இன்டெக்ஸ் (தேடலுக்காக இணையப் பக்கங்களைச் சேர்த்து வைக்கும் பட்டியல்) அமைப்பைக் கூகுள் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் இன்டெக்ஸ் பல அடுக்குகளாக இருந்தது. முக்கிய அடுக்கு புதுப்பிக்கப்படவே ஓரிரு வாரங்கள் ஆகும். காஃபீன் வந்தபின் இணையத்தைச் சிறு சிறு பகுதிகளாக இடைவிடாமல் படித்து உடனுக்குடன் சேர்க்க முடிந்தது. முடிவுகள் முன்பைவிட 50 சதவீதம் புதியவையாக இருக்கும் என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு, 2011 நவம்பரில், புதுமையை ரேங்கிங்கிலேயே, அதாவது முடிவுகளை வரிசைப்படுத்துவதிலேயே, கணக்கில் எடுக்கும் மாற்றம் வந்தது. ஏறத்தாழ 35 சதவீதத் தேடல்களை அது பாதிக்கும் என்றார்கள்.

அந்த 35 சதவீதம் என்ற எண் எல்லோர் மனதிலும் ஒட்டிக்கொண்டது. அதே அறிவிப்பில் இருந்த விளக்கத்தை யாரும் அவ்வளவாகப் படிக்கவில்லை. எந்தத் தேடலுக்குப் புதுமை வேண்டும் என்று அதில் மூன்று வகை சொல்லியிருந்தார்கள். ஒன்று, இப்போது நடந்துகொண்டிருக்கும் நிகழ்வு. இரண்டு, திரும்பத் திரும்ப வரும் நிகழ்வு: தேர்தல், ஆண்டு மாநாடு, விளையாட்டுப் போட்டியின் முடிவு போன்றவை. மூன்று, அடிக்கடி மாறும் தகவல்: எந்த கேமரா நல்லது, எந்தக் கார் வாங்கலாம் என்பது மாதிரி. பித்தகோரஸ் தேற்றத்தைத் தேடுகிறவருக்கு நேற்று எழுதிய பக்கம்தான் வேண்டும் என்பதில்லை. பத்து வருடத்துக்கு முன் ஓர் ஆசிரியர் தெளிவாக எழுதி வைத்தது போதும், அது மேலே நிற்கவும் செய்யும். ஆகவே ஒரு பக்கத்தைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது, இதைத் தேடுகிறவருக்குப் புதுமை தேவையா என்பதைத்தான். தேவையில்லாத பக்கத்தை மாதாமாதம் கிண்டிக்கொண்டிருப்பது வீண் வேலை. தேவையான பக்கத்தைக் கிடப்பில் போடுவதோ தளத்துக்கே கேடு.

ஒரு மென்பொருள் நிறுவனத்தின் உதவிப் பக்கங்களைக் கவனித்துக்கொண்டிருந்த காலத்தில் இதை மிக நெருக்கமாகப் பார்த்தேன். இரண்டடுக்குச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு போனில் கிடைக்கும் குறியீட்டையும் கேட்கும் முறை) எப்படி இயக்குவது என்று விளக்கும் பக்கம் அது. நன்றாக எழுதப்பட்ட பக்கம்தான், நீண்ட காலம் முதல் பக்கத்தில் நின்றது. பிறகு மெதுவாக இறங்கத் தொடங்கியது. தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் கருவியைத் திறந்தால், முடிவுகளில் பக்கம் காட்டப்படும் எண்ணிக்கை அப்படியே இருந்தது, கிளிக் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. மக்கள் தேடுவதை நிறுத்தவில்லை, நம்மைத் தேர்ந்தெடுப்பதை நிறுத்திவிட்டார்கள் என்பதற்கு அதுவே அடையாளம்.

பக்கத்தைத் திறந்து, அதில் சொல்லியிருந்தபடி ஒவ்வொரு படியாகச் செய்துபார்த்தேன். மூன்றாவது படியில் "அமைப்புகள்" பட்டனை அழுத்தச் சொல்லியிருந்தது. அந்த பட்டன் அங்கே இல்லை. இடையில் வந்த பதிப்பில் அதைக் கணக்குப் படத்தின் கீழ் நகர்த்திவிட்டிருந்தார்கள். ஸ்கிரீன்ஷாட் எல்லாம் பழைய நீலநிறத் திரை. படிக்கிற மனிதர் அந்த மூன்றாவது படியிலேயே திகைத்து, திரும்பிப் போய் வேறு தளத்தைத் திறப்பார். திறக்காமல் என்ன செய்வார்?

அடுத்து, அந்தப் பக்கத்துக்கு வரும் தேடல் வார்த்தைகளின் பட்டியலைப் பார்த்தேன். பாதிப் பேர் "எப்படி இயக்குவது" என்று தேடவே இல்லை. போனை மாற்றிவிட்டேன், குறியீடு வரவில்லை, கணக்குக்குள் போக முடியவில்லை என்று தேடியிருந்தார்கள். சிலர் திரையில் வந்த பிழைச் செய்தியை எழுத்துக்கு எழுத்து அப்படியே தட்டியிருந்தார்கள். நம் பக்கத்தில் இது எதற்குமே பதில் கிடையாது. வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் தினமும் போன் எடுக்கும் ஒரு பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பழைய போன் தொலைந்துவிட்டால் என்ன செய்வது, மாற்றுக் குறியீடுகளை முன்கூட்டியே எங்கே எழுதி வைக்க வேண்டும், போனின் நேர அமைப்பு தவறாக இருந்தால் குறியீடு ஏன் ஏற்கப்படாது என்று மளமளவெனச் சொன்னார். அத்தனையும் அவருக்கு அத்துப்படி. அதில் ஒரு வரிகூட நம் தளத்தில் இல்லை.

அவர் சொன்னதை வைத்துத்தான் பக்கத்தைத் திரும்ப எழுதினோம். படிகளைப் புதுப்பித்தோம், படங்களை மாற்றினோம், பிழைச் செய்தியை அப்படியே துணைத்தலைப்பாக வைத்து அதன் கீழே தீர்வைக் கொடுத்தோம். இதே விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிச் சொன்ன வேறு சில பக்கங்களும் தளத்தில் கிடந்தன. அவற்றில் பயனுள்ளதை எடுத்துச் சேர்த்துக்கொண்டு, அவற்றின் முகவரிகளை 301 (நிரந்தரமாக இடம் மாறியது என்று சொல்லும் சர்வர் பதில்) மூலம் இந்தப் பக்கத்துக்கே திருப்பிவிட்டோம். இந்தப் பக்கத்தின் முகவரியை மட்டும் மாற்றவில்லை. பழைய முகவரிக்குப் பல தளங்கள் இணைப்புக் கொடுத்திருந்தன. அதை இழப்பது முட்டாள்தனம். சில வாரங்களில் பக்கம் ஏறத் தொடங்கியது, முன்பு வராத தேடல்களுக்கும் வந்தது. எனக்கு அதைவிட நிறைவாக இருந்தது, இந்த விஷயத்துக்காக வரும் போன் குறைந்துவிட்டது என்று அந்தப் பெண் சொன்னதுதான்.

இனி தேதி விஷயம். இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. இன்னொரு தளத்தில், எல்லாப் பக்கங்களிலும் "கடைசியாகப் புதுப்பித்தது" என்ற தேதி தினமும் தானாக மாறும்படி யாரோ வைத்திருந்தார்கள். தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பிலும், கடைசியாக மாறிய தேதியைக் குறிக்கும் லாஸ்ட்மாட் என்ற இடத்தில் எல்லா முகவரிக்கும் அன்றைய தேதி. பக்கத்தில் ஓர் எழுத்து மாறியிருக்காது. தேடுபொறியை ஏமாற்றலாம் என்ற எண்ணத்தில் செய்தது. நடந்தது நேர் எதிர். லாஸ்ட்மாட் தேதி பக்கத்தின் உண்மையான மாற்றத்தோடு தொடர்ந்து ஒத்துப்போனால் மட்டுமே அதைப் பயன்படுத்துவோம் என்று கூகுள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. பொய் சொல்லிப் பழகிய தளத்தின் தேதியை அது கண்டுகொள்வதில்லை. அதே சைட்மேப்பில் பலர் சிரத்தையாக நிரப்பும் முன்னுரிமை எண்ணையும், பக்கம் எவ்வளவு நாளைக்கொருமுறை மாறும் என்ற குறிப்பையும் கூகுள் பார்ப்பதே கிடையாது.

அந்தத் தளத்தின் சர்வர் லாகை, அதாவது யார் எப்போது எந்தப் பக்கத்துக்கு வந்தார்கள் என்ற பதிவை, எடுத்துப் படித்தபோது நிலைமை புரிந்தது. பக்கங்களைப் படிக்க வரும் கூகுளின் நிரலான கூகுள்பாட் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் யாரும் படிக்காத, குறிச்சொல் வாரியாகத் தொகுக்கும் டேக் பக்கங்களையும் காப்பகப் பக்கங்களையும் சுற்றிக்கொண்டிருந்தது. முந்தின வாரம் உண்மையாகவே திருத்தப்பட்ட முக்கியப் பக்கத்துக்கு அது வந்த தடயமே இல்லை. எல்லாமே புதிது என்று கூவினால் எது புதிது என்று அதற்கு எப்படித் தெரியும்? தேதி மாற்றும் அந்த நிரலை எடுத்துவிட்டு, உள்ளடக்கம் மாறும்போது மட்டும் தேதி மாறும்படி செய்தோம். மாறாத பக்கத்தைத் திரும்பக் கேட்டால் சர்வர் 304 (மாறவில்லை) என்று மட்டும் பதில் சொல்லும்படி வைத்தோம். பெரிய வித்தை எதுவும் இல்லை. உண்மையைச் சொல்லும் தளமாக அதை மாற்றினோம், அவ்வளவுதான். உள்ளடக்கம் பெரிதாக மாறாமல் தேதியை மட்டும் மாற்றுகிறீர்களா என்பது கூகுளின் சுயபரிசோதனைக் கேள்விகளில் ஒன்றாகவே இடம்பெற்றிருக்கிறது. தளம் புதிதாகத் தெரிவதற்காகப் பழையதை நிறைய நீக்குவதோ புதியதை நிறையச் சேர்ப்பதோ உதவாது என்றும் அங்கேயே எழுதியிருக்கிறார்கள். மாதத்துக்கு இத்தனை பக்கம் என்று அட்டவணை போட்டு விற்கிறவர்கள் அந்த ஒரு பக்கத்தைப் படித்தால் நல்லது.

தரம் என்ற சொல்லைக் காற்றில் பேசுவது சுலபம். 2011 பிப்ரவரியில் கூகுளின் தேடல் முறையில் பாண்டா என்ற மாற்றம் வந்தபோதுதான் அது பணத்தைத் தொடும் விஷயமாயிற்று. அமெரிக்காவில் 11.8 சதவீதத் தேடல்கள் மாறும் என்றார்கள். மலிவாக, மொத்தமாக, ஆழமில்லாமல் எழுதிக் குவித்த தளங்கள் பல ஒரே நாளில் காணாமல் போயின. அதே ஆண்டு மே மாதம், அப்போது கூகுள் தேடலுக்குப் பொறுப்பாக இருந்த அமித் சிங்கால் தள உரிமையாளர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளை வெளியிட்டார். இந்தக் கட்டுரையில் சொன்னதை நம்புவீர்களா? விஷயம் தெரிந்தவர் எழுதியதா, மேலோட்டமானதா? கீவேர்டை (தேடல் வார்த்தையை) மட்டும் லேசாக மாற்றி ஒரே விஷயத்தைப் பல பக்கங்களில் எழுதியிருக்கிறதா? இன்றைக்கும் என் மேசையில் இந்த மூன்று கேள்விகள் இருக்கின்றன. எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன, இவற்றைவிட எனக்கு உதவியது எதுவும் இல்லை.

2022 டிசம்பரில், தேடல் முடிவுகளின் தரத்தைக் கூகுளுக்காக மதிப்பிடும் ஆட்களுக்கான வழிகாட்டியில் நிபுணத்துவம், அதிகாரம், நம்பகம் என்ற மூன்றோடு அனுபவம் என்பதையும் கூகுள் சேர்த்தது. மதிப்பீட்டாளர் தரும் மதிப்பெண் எந்தத் தளத்தின் ரேங்கையும் நேரடியாக மாற்றாது. தேடல் முறைகள் சரியாக இயங்குகின்றனவா என்று பார்க்கத்தான் அது பயன்படுகிறது. ஆனாலும் எந்தத் திசையில் போகிறார்கள் என்பது அதில் தெரிகிறது. அந்தச் சேவைப் பிரிவுப் பெண் சொன்னதற்கும், பத்துத் தளங்களைப் பார்த்து ஒருவர் கோத்து எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த "அனுபவம்". எழுத்தாளர்களிடம் நான் வற்புறுத்துவது இதையே: எழுத உட்காருவதற்கு முன் அந்த வேலையைக் கையால் செய்கிற ஒருவரிடம் அரைமணி நேரம் பேசுங்கள். வார்த்தை எண்ணிக்கை பற்றிக் கவலை வேண்டாம். கூகுளுக்கென்று பிடித்த நீளம் எதுவும் கிடையாது, அதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

ஏஐ வந்தபின் அந்த எண்ணிக்கை ஆசை மறுபடி தலைதூக்கியிருக்கிறது. ஒரே நாளில் நூறு பக்கம் போடலாமே என்கிறார்கள். போடலாம்தான். 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பாம் விதிகளைத் திருத்தி, ரேங்கிங்குக்காகவே மொத்தமாக உற்பத்தி செய்யும் உள்ளடக்கத்தை விதிமீறல் என்று வகுத்தது. மனிதர் எழுதினாரா, இயந்திரம் எழுதியதா என்பது அங்கே கேள்வி இல்லை. படிப்பவருக்கு அதில் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அப்படிப் போட்ட பக்கங்களில் பெரும்பகுதி சர்ச் கன்சோலில் "படிக்கப்பட்டது, இன்டெக்ஸ் செய்யப்படவில்லை" என்ற வரிசையில் போய்த் தேங்கி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏஐயை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய பக்கத்தில் எந்தத் தகவல் காலாவதியாகியிருக்கலாம் என்று பட்டியலிட அது நன்றாக உதவுகிறது. அந்தப் பட்டியலைச் சரிபார்ப்பது மனிதர் வேலை.

திருத்திய பக்கத்தைக் கண்காணிக்கும்போது பொறுமை ரொம்ப முக்கியம். நாளுக்கு நாள் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவைக் காட்டுகிறது. ஆகவே போன வருடம் இதே காலத்தோடு ஒப்பிடுவேன், பருவம் சார்ந்த ஏற்ற இறக்கம் அதில் அடிபட்டுப் போகும். திருத்தம் செய்த தேதியை ஒரு தாளில் குறித்து வைப்பேன். கூகுள் தன் தேடல் முறையைப் பரவலாக மாற்றும் கோர் அப்டேட் நடக்கும் நாட்களையும் பக்கத்திலேயே குறிப்பேன், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் எதனால் ஏறியது என்று அவசரப்பட்டுச் சொல்ல மாட்டேன். எல்லாம் சரியாகச் செய்தும் அசையாத பக்கங்கள் உண்டு. அப்போது அந்தத் தேடலுக்கு முதலில் நிற்கும் நான்கைந்து பக்கங்களைத் திறந்து, ஒரு வாசகனாக உட்கார்ந்து படிப்பேன். சில நேரம் அவர்கள் உண்மையிலேயே நம்மைவிட நன்றாகச் சொல்லியிருப்பார்கள். சில நேரம் நமக்கு அந்த விஷயத்தில் சொல்ல ஒன்றுமே இல்லை என்று புரியும். அப்படியானால் அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லி, அதற்கான காரணத்தையும் எழுதிக் கொடுப்பேன்.