விழித்திரை முதல் டெக்டம் வரை: ஜீப்ரா மீன் குஞ்சில் கண் நரம்பின் தடம் பிடித்தல்

ஜீப்ரா மீன் குஞ்சின் கண் நரம்பு மூளையில் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்க, டைஐ (DiI), டைஓ (DiO) என்ற இரண்டு ஒளிரும் சாயங்களே இன்றும் போதும். கண் நரம்பு தானாகவே ஒளிரும்படி மரபணு மாற்றிய மீன்கள் பல ஆய்வகங்களில் இருக்கின்றன. ஆனால் விழித்திரையின் இந்த மூலையிலிருந்து கிளம்பிய இழை டெக்டத்தின் (நடுமூளையின் மேற்புறத்தில் உள்ள பார்வைப் பகுதி) எந்த மூலையைத் தொட்டது என்று கேட்டால், நேரடியாகப் பதில் சொல்வது சாயம்தான். ஜெர்மனியின் ட்யூபிங்கனில் நடந்து 1996இல் வெளியான பெரிய தேடலும் இதை நம்பித்தான் நடந்தது. 5 நாள் குஞ்சுகளைப் பதப்படுத்தி, கண்ணின் எதிரெதிர் மூலைகளில் இரு சாயங்களையும் செலுத்தி, கண் நரம்பின் வழி பிசகிய 114 மரபணுத் திரிபுகளைப் பிடித்தார்கள்.

படம் சரியாக வராவிட்டால் முதலில் மைக்ராஸ்கோப்பைச் சந்தேகிக்க வேண்டாம். பெரும்பாலும் பிழை நடந்திருப்பது கண்ணில், ஊசி இறங்கிய இடத்தில்.

குஞ்சுகளை 28.5 டிகிரியில் வளர்த்து, தோலில் கருமை ஏறாமலிருக்க முதல் நாள் முடிவதற்குள் வளர்ப்பு நீரில் 0.003 சதவீத பிடியூ (நிறமி உருவாவதைத் தடுக்கும் வேதிப்பொருள்) சேர்ப்பது வழக்கம். பிடியூ கண்ணின் அளவைக் கொஞ்சம் குறைத்துவிடும். கண்ணின் அளவோ டெக்டத்தின் பரப்போ உங்கள் கேள்வியில் இருந்தால், தோலில் கருமையே இல்லாத நாக்ர வகை மீனை எடுப்பது நல்லது. 5ஆம் நாள் ட்ரைக்கேய்ன் என்ற மயக்க மருந்தை மிகுதியாகக் கொடுத்து, திசுவைப் பதப்படுத்தும் 4 சதவீத பாரஃபார்மால்டிஹைடில் 4 டிகிரியில் ஓர் இரவு வையுங்கள். குளூட்டரால்டிஹைடு வேண்டாம்; திசு தானே ஒளிர ஆரம்பித்துவிடும்.

டைஐ கொழுப்பில் கரைவது. செல்லின் சவ்வுக்குள் புகுந்து, சவ்வின் வழியாகவே பரவும். உயிரில்லாத திசுவிலும் அது ஓடுவது இதனால்தான். ட்ரைட்டான் போன்ற சோப்பு வகைகளும் ஆல்கஹாலும் பட்டால் சாயம் கரைந்து போவதற்கும் இதுவே காரணம். சாயமிட்ட குஞ்சுக்குப் பிறகு ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தைக் காட்டுவது) போடலாம் என்று திட்டமிடுபவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். டைஐயை டைமெத்தில்ஃபார்மமைடில் 1 சதவீதமாகக் கரைக்கலாம். டைஓ அதில் சரியாகக் கரையாது, குளோரோஃபார்மில் நன்றாகக் கரையும். கண்ணாடி ஊசியின் நுனி ஈரத்தைத் தொட்ட மறுகணம் சாயம் படிகமாகி அடைத்துக்கொள்ளும். எனவே நுனியை நீரில் காத்திருக்க விடாமல், இறக்கியவுடன் அழுத்தம் கொடுங்கள். அடைத்துவிட்டால் நுனியைச் சற்று உடைத்துப் பார்க்கலாம். உடைந்த நுனி அகன்றிருந்தால் புது ஊசிதான்.

குஞ்சை 1 முதல் 1.2 சதவீத குறை உருகுநிலை அகரோஸ் ஜெல்லில் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஒரு கண் மேலே தெரிய வையுங்கள். அந்தக் கண்ணின் குறுக்களவு சுமார் 0.3 மில்லிமீட்டர். மூளைக்கு ஆக்ஸான் (நீண்ட நரம்பிழை) அனுப்பும் கேங்கிலியான் செல்கள் விழித்திரையின் உள் ஓரத்தில், லென்ஸை ஒட்டி இருக்கின்றன. ஊசி நிற்க வேண்டிய இடம் அதுதான். ஆழம் போதாவிட்டால் சாயம் ஒளியேற்பிச் செல்களோடு நின்றுவிடும். கண் பளபளக்கும், டெக்டம் இருட்டாக இருக்கும். ஆழம் மிஞ்சினால் கண்ணின் பின்புறம் துளைத்து முன்மூளையில் கசியும். அளவு கூடினாலும் வம்புதான்: சாயம் லென்ஸைச் சுற்றி ஓடி, ஒரு மூலைக்குப் பதில் கண் முழுவதும் நிறைந்துவிடும். பிறகு மூலைக்கு மூலை ஒப்பிட வழியே இல்லை.

அறை வெப்பநிலையில் இருட்டில் ஓர் இரவு போதும். நாள்கணக்கில் விட்டால் சாயம் பின்னணியிலும் பரவி, படம் மங்கலாகிவிடும். வளர்ந்த மீனில் இந்த முறை வாரக்கணக்கில் இழுக்கும். அதற்கு பயோசைட்டின் என்ற வேறொரு தடம்காட்டி ஏற்றது.

மீனில் கண் நரம்பு முழுவதும் மறுபக்கம் கடக்கிறது. இடக் கண்ணில் சாயமிட்டால் வலப் பக்கத்தை மேலே திருப்பி, கூராக்கிய டங்ஸ்டன் ஊசியால் வலக் கண்ணை அகற்றினால்தான் டெக்டம் தடையின்றித் தெரியும். மூக்குப் பக்க விழித்திரையின் இழைகள் டெக்டத்தின் பின்பகுதிக்கும், வால் பக்க இழைகள் முன்பகுதிக்கும் போகும். மேல் விழித்திரை கீழ்ப்பகுதிக்கும், கீழ் விழித்திரை மேல்பகுதிக்கும் போகும். டைஓவை ஒளிரச் செய்யும் 488 நானோமீட்டர் லேசரில் டைஐயும் கொஞ்சம் ஒளிரும் என்பதால், இரு நிறங்களையும் ஒரே நேரத்தில் எடுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக ஸ்கேன் செய்யுங்கள். வழியில் கண் நரம்பின் இழைகள் கிளைவிடும் ஒன்பது சிறு இடங்களும் படத்தில் வேண்டுமென்றால் (டெக்டம் பத்தாவது), மூலையில் மட்டும் இட்ட சாயம் போதாது. கண் முழுவதையும் நிரப்பியே ஆக வேண்டும்.

ஒவ்வொரு டெக்டம் படத்தோடும் அதே குஞ்சின் கண்ணையும் படமெடுத்து வையுங்கள். சாயம் எந்த மூலையில் எவ்வளவு அகலத்தில் நின்றது என்ற சான்று இல்லாத டெக்டம் படத்தை ஒதுக்கிவிடுவதே நேர்மை.

சாயமிட்ட கண்ணின் பக்கமே டெக்டம் ஒளிர்ந்தால், முதலில் கசிவைத் தேடுங்கள். தோலும் மூளையின் உட்குழியும் சேர்ந்து மினுங்கினால் அது கசிவுதான். சுத்தமான ஒரு கட்டு இழை கண்ணிலிருந்து தொடர்ந்து அதே பக்கம் ஏறினால் மட்டுமே அது உண்மையில் கடக்காத நரம்பு. பெல்லடோனா என்ற திரிபில் அப்படி நடக்கிறது. கடக்காத நரம்புள்ள அந்தக் குஞ்சுகளைச் சுழலும் கோடுகளின் நடுவில் வைத்தால், கண்கள் கோடுகளைத் தொடராமல் எதிர்த்திசையில் நகரும். பதப்படுத்திய குஞ்சில் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. சந்தேகம் இருக்கும் குடும்பத்தின் குஞ்சுகளை முதலில் கோடுகளுக்கு நடுவே வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துவிட்டு, அதன் பிறகு பாரஃபார்மால்டிஹைடில் போடுங்கள்.