கதவு திறக்காத அகாடமி

தாமஸ் கோல் 1836இல் வரைந்த 'ஆக்ஸ்போ' ஓவியத்தை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை. மாசசூசெட்ஸின் ஹோலியோக் மலையிலிருந்து தெரியும் கனெக்டிகட் ஆறு. இடப்பக்கம் கருமேகம், முறிந்த மரம், அடர்ந்த காடு. வலப்பக்கம் மழை விட்ட வெயிலில் வயல்கள். பெரிதாக்கிப் பாருங்கள்: கீழே பாறைகளுக்கு நடுவே தொப்பி போட்ட ஒரு குட்டி மனிதர், வரைவதை நிறுத்திவிட்டு நம்மைத் திரும்பிப் பார்க்கிறார். கோலேதான்!

இது முதலில் காட்சிக்கு வந்தது நியூயார்க்கின் நேஷனல் அகாடமி ஆஃப் டிசைனில். அந்த அகாடமியே ஒரு கோபத்தில் பிறந்தது. அதற்கு முன் அங்கிருந்த அமெரிக்கன் அகாடமி என்ற கலை அமைப்பில் பணம் போட்ட கனவான்கள் வைத்ததுதான் சட்டம். தலைவர் ஜான் டிரம்புல். பழங்காலச் சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்புகளைப் பார்த்து வரைய விடிகாலையிலேயே வந்த மாணவர்கள், கதவு திறக்காமல் திரும்பிப் போனார்கள். கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகளை இப்படியா நடத்துவது?

1825-26இல் ஓவியர்கள் பிரிந்து வந்து, தாங்களே நடத்தும் அகாடமியைத் தொடங்கினார்கள். கோல், ஆஷர் டியூராண்ட் எல்லாரும் அதில் உண்டு. முதல் தலைவர் சாமுவேல் மோர்ஸ். ஆமாம், தந்தி மோர்ஸேதான். அவர் அடிப்படையில் ஓவியர். ஆண்டுதோறும் கண்காட்சி, அதில் சமகால ஓவியர்களின் புதிய படங்கள். அமெரிக்க நிலக்காட்சி ஓவியம் தழைத்ததற்கு இந்தச் சுவர்கள் பெரிய காரணம் என்றே நினைக்கிறேன்.

டிரம்புல்லுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். 1825இல், பெயர் தெரியாத இளைஞனாக இருந்த கோலின் படத்தைக் காசு கொடுத்து வாங்கி, ஊரெல்லாம் அவனைப் பற்றிப் பேசியவர் அவர்.