மழை எந்தப் பக்கத்தால் வரும்?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து தேநீர் குடிப்பதில்லை. நின்றபடி குடிக்கலாம், அதையும் மாமி கோடிப்புறம் போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் குடிப்பது நல்லது. ஐப்பசியில் மாரி தலைகாட்டிவிடும். கார்த்திகை, மார்கழி, தை என்று மட்டக்களப்பின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அந்த மூன்று மாதத்துக்குள்ளேயே கொட்டித் தீர்க்கும். அதற்கு முன் விறகு கொட்டிலுக்குள் ஏற வேண்டும், மாட்டுக் கொட்டிலுக்குக் கிடுகு மாற்ற வேண்டும், மிளகாய் காய்ந்து தூளாக வேண்டும், புளி கொட்டை நீங்கி உப்போடு பானைக்குள் போக வேண்டும், குளம் வற்றியபோது மலிவாகக் கிடைத்த விரால் கருவாடாக வேண்டும். எல்லாவற்றுக்கும் இருப்பது ஒரே வெயில்தான். அந்த வெயிலைப் பங்கிட்டுக் கொடுக்கும் அதிகாரம் மாமியிடம் இருக்கிறது. காலை ஏழு மணிக்கே எந்தப் பாய் எங்கே, எந்தச் சுளகு எந்தக் கூரையில் என்று உத்தரவு வந்துவிடும். மேன்முறையீடு கிடையாது.

மாமியின் நாட்காட்டி 1978இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளிக்குப் பிறகு, ஊரெல்லாம் தென்னை விழுந்து கிடந்தும் அடுப்பு மூட்டக் காய்ந்த விறகு ஒரு துண்டுகூட இல்லாமல் தவித்தார்களாம். அன்று எடுத்த சபதத்தின் விளைவு இன்று எங்கள் கொட்டிலில் கூரை முட்ட நிற்கிறது. வீட்டில் காஸ் அடுப்பு வந்து ஆண்டுகள் பல ஆகின்றன. இரண்டு கலியாணமும் ஒரு கோயில் அன்னதானமும் நடத்தக்கூடிய விறகு இருந்தும், வீதியில் ஒரு காய்ந்த மட்டை கிடந்தால் மாமியின் கால் தானாக நிற்கும்.

நான் வாவிக்கு அந்தப் பக்கத்தவள். சூரியன் எழும் எழுவான்கரையில் பிறந்து, சூரியன் விழும் படுவான்கரைக்கு வாழ்க்கைப்பட்டவள். மண்முனைப் பாலத்தை 2014இல்தான் திறந்தார்கள். நான் மணமுடித்து வந்த நாளில் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தேன். எங்கள் பக்கம் அரிசி கடையில் விளையும். இங்கே வந்த பிறகுதான், அரிசி கடைக்கு வருவதற்கு முன்னால் எத்தனை பேரைத் திட்டு வாங்க வைக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

சிறுபோக நெல்லில் சாப்பாட்டுக்கென்று ஒதுக்கியதை மாரிக்கு முன் அவித்துக் காயவைத்துக் குற்றிவிட வேண்டும். முதல் நாளே ஊறப்போட்டு, மறுநாள் விடியுமுன் கிடாரத்தில் ஏற்றி, உமி வாய் பிளக்கும் பதத்தில் இறக்க வேண்டும். அப்படி அவித்த நெல் மில்லில் எளிதில் உடையாது. ஆனால் காயும் முறையில் பிசகினால் அதுவும் குறுணலாகிவிடும். ஒரேயடியாகக் கொதிக்கும் வெயிலில் விடக் கூடாது. இடையில் குவித்து ஆறவிட்டு, மறுபடி பரப்ப வேண்டும். மில்லுக்குப் போகும் நெல்லில் ஈரம் 14 சதவீதம் அளவில் இருப்பது நல்லது என்று விவசாயப் போதனாசிரியர்கள் சொல்வார்கள். மாமி ஒரு நெல்லை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். ‘டக்’ என்ற சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது. சத்தம் வராவிட்டால் அந்த நெல்லைத் துப்பிவிட்டு, ஏதோ அதை ஈரமாக வைத்திருந்தது நான்தான் என்பதுபோல என்னைப் பார்ப்பார்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டுக்குள் நெல் மூடை இருந்தால் அந்த மணம் யானைக்குப் போய்விடும். எங்கள் பக்கத்தில் சுவரை இடித்து மூடையை வெளியே இழுத்துத் தின்றுவிட்டுப் போன யானைகளின் கதை இல்லாத கிராமம் குறைவு. ஆகவே அவித்த நெல்லை வைத்துக்கொண்டு ஆற அமர யோசிக்க இயலாது.

காயவைப்பதற்கு ஊரிலேயே சிறந்த களம் எங்கள் வீட்டுக்கு முன்னால் போகும் காபட் வீதி. அரசாங்கம் அதை வாகனங்களுக்காகப் போட்டது என்பதை நாங்கள் மறுப்பதில்லை. அதனால்தான் பாதி வீதியை அவர்களுக்கு விட்டுவிடுகிறோம். மறுபாதியில் படங்கை விரித்து, இரு முனையிலும் கல்லும் வேப்பங்கொப்பும் வைத்துவிட்டால் அது அன்று மாலை வரை எங்கள் காணி. ஓட்டுநர்களும் அதை மதிப்பார்கள். அவர்களுடைய வீட்டு நெல்லும் வேறு எங்கோ ஒரு வீதியில் காய்ந்துகொண்டிருக்கும்.

அப்படி ஒரு புரட்டாசி நாளில் நெல் பரப்பியிருந்தது நாங்கள் மட்டுமல்ல. அடுத்த வளவில் இருப்பவர் மாமிக்கு மச்சாள் முறை; எனக்குப் பெரியம்மா. அவரும் அதே காலையில் அதே வீதியில் தன் நெல்லைக் கொண்டுவந்து கொட்டினார். அவருடையது சம்பா, எங்களுடையது சிவப்பு நாடு. நடுவில் எல்லையாக ஓர் உலக்கையைக் கிடத்தினார்கள். நெல்லைக் கிண்டுவதற்காகக் காலை இழுத்து இழுத்து நடப்பது வழக்கம். நெல்லுக்குள் பாதம் புதையும்போது அடியிலிருந்து சூடு ஏறும்; பின்னால் பாத்தி கட்டியதுபோல வரி வரியாக விழும்; அவித்த மணம் முழங்கால் வரை எழும்பும். அப்படி நடந்து திரும்பும் ஒவ்வொரு தடவையும் உலக்கை விரற்கடை அளவு நகர்ந்துகொண்டிருந்தது. ஒருமுறை எங்கள் பக்கம், மறுமுறை அவர்கள் பக்கம்.

“மச்சாள், உங்கள் சம்பா எங்கள் படங்கைப் பார்க்க ஆசைப்படுகிறது போலிருக்கிறது” என்றார் மாமி.

“வெயில் எல்லோருக்கும் பொதுதானே, மச்சாள்” என்றார் பெரியம்மா. இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் நாய்கூட எழுந்து வேறு இடம் போய்ப் படுக்கும்.

காவலுக்கு என் சின்ன மகனை நியமித்திருந்தோம். சம்பளம் ஓர் ஐஸ்பழம், முற்பணமாக. அறுவடை முடிந்த வயல்களில் மாடுகள் அவிழ்த்துவிட்டபடி திரியும் காலம். பெரும்போகம் விதைக்கத் தொடங்கிய பிறகுதான் அவற்றை மாதவனைப் பக்கம் மேய்ச்சலுக்குச் சாய்த்துப் போவார்கள். அதுவரை அவை வீதியில் இருக்கும் எதையும் தங்கள் சொத்தாகவே கருதும். மகன் கம்பும் கையுமாக நின்றான். மாட்டைத் துரத்தினான், காகத்தைத் துரத்தினான், பெரியம்மாவின் சேவலைத் தேவைக்கு அதிகமாகத் துரத்தினான். பாண்காரனின் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வளைவில் திரும்பியதும் கம்பை உலக்கைக்குப் பக்கத்தில் கிடத்திவிட்டு மறைந்துபோனான். அந்த இடைவெளியில் ஓர் ஆடு இரு வீட்டு நெல்லையும் ருசி பார்த்துத் தன் தீர்ப்பைச் சொல்லாமல் போனது. ஆடு சம்பாவில் கூடுதல் நேரம் நின்றதைப் பெரியம்மா பெருமையாகவே எடுத்துக்கொண்டார்.

மதியம் திரும்பியதும் மேற்கே உன்னிச்சைப் பக்கமாக வானம் கறுத்தது. இந்த மாதங்களில் பின்னேரத்தில் திடீரென்று இடிமழை விழுவது உண்டு. மாமி முற்றத்தைப் பார்த்தார். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு திண்ணைச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. தும்பிகள் தலைக்கு மேல் தாழப் பறந்தன.

“தண்ணீர் வருகிறது. அள்ளுங்கள்” என்றார்.

என் கணவர் சாய்மனைக் கதிரையிலிருந்து எழாமல் கைபேசியைத் தூக்கிக் காட்டினார். “மழைக்கு வாய்ப்பில்லை என்று போட்டிருக்கிறது, அம்மா.”

“அந்தப் பெட்டியை வைத்திருப்பவன் எந்த ஊரில் இருக்கிறான்?”

“வானத்தில், அம்மா. செய்மதி.”

“வானத்தில் இருப்பவனுக்கு எங்கள் முற்றத்து எறும்பு தெரியுமா?”

அதற்குப் பதில் இல்லாததால் அவரும் எழுந்து அள்ளினார். படங்கின் நான்கு மூலையையும் நான்கு பேர் பிடித்து, கடகத்திலும் சாக்கிலும் வாரி, மீதியைத் தும்புத்தடியால் கூட்டி, வியர்வை கண்ணுக்குள் இறங்க இறங்க அத்தனையையும் விறாந்தையில் ஏற்றினோம். பெரியம்மா வீட்டிலும் அதே ஓட்டம். எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்த்தோம். முகில் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தது. பிறகு அப்படியே விலகி, எங்கேயோ காட்டுப் பக்கம் போய்விட்டது. கொதிக்கிற வெயில் முன்பைவிட உற்சாகமாக வந்து நின்றது.

கணவர் ஒன்றும் பேசவில்லை. கைபேசியை மட்டும் மாமியின் கண்ணில் படும்படி திண்ணையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். பேசியிருந்தால் பரவாயில்லை, அந்த மௌனம் மாமிக்குத் தாங்கவில்லை.

மறுபடியும் அத்தனையையும் தூக்கிக்கொண்டு வீதிக்கு வந்தோம். மறுபடியும் படங்கு, கல், வேப்பங்கொப்பு, நடுவில் உலக்கை. கடைசிக் கடகத்தைக் கொட்டி நிமிர்ந்தபோதுதான் மேட்டுப் பக்கமிருந்து தண்ணீர் பவுசர் வந்துகொண்டிருந்தது.

கோடையில் கிணறு வற்றினால் எங்களுக்குக் குடிதண்ணீர் பவுசரில்தான் வரும். அதை நாங்கள் வழிமேல் விழிவைத்துக் காத்திருப்போம். அன்று வந்ததன் பின்பக்க வால்வு சரியாகப் பூட்டவில்லை. தார் மேல் ஒரு நீண்ட ஈரக்கோடு போட்டபடி அது வந்தது. அப்படியே போயிருந்தால் நெல்லின் ஓரம் ஒரு கரை நனைந்ததோடு விஷயம் முடிந்திருக்கும். நாங்கள் எல்லோரும் சேர்ந்து “நிறுத்து, நிறுத்து!” என்று கத்தினோம். நல்ல பிள்ளை, உடனே நிறுத்தினான். சரியாகப் பெரியம்மாவின் சம்பாவுக்குப் பக்கத்தில். கோடாக ஓடிக்கொண்டிருந்தது இப்போது ஓரிடத்தில் நின்று கொட்டத் தொடங்கியது. நிறுத்திய அதிர்ச்சியில் வால்வு இன்னும் கொஞ்சம் திறந்துகொண்டது வேறு.

வீதி எங்கள் பக்கம் சரிவு. தண்ணீர் சம்பாவுக்குள் புகுந்து, அதைத் தள்ளிக்கொண்டு உலக்கைக்கு வந்தது. உலக்கை உருண்டது. காலையிலிருந்து விரற்கடை விரற்கடையாகக் காப்பாற்றிய எல்லை ஒரு நொடியில் போய்விட்டது.

“எடு, எடு, முன்னுக்கு எடு!” என்று பாதிப் பேர் கத்தினார்கள். “எடுக்காதே, மறுபக்கமும் நெல் கிடக்கிறது!” என்று பாதிப் பேர். அந்தப் பிள்ளை வாகனத்திலிருந்து குதித்து வால்வோடு மல்லுக்கட்டினான். இதற்கிடையில் வீட்டுக்கு ஒருவர் குடத்தோடு ஓடிவந்துவிட்டார்கள். ஓடும் நல்ல தண்ணீரை விடலாமா? மாமி ஒரு கையால் நெல்லை அணைகட்டி, மறுகையால் வால்வுக்குக் கீழே அண்டாவை நகர்த்தி, வாயால் ஓட்டுநரைத் திட்டிக்கொண்டிருந்தார். மூன்றும் ஒழுங்காக நடந்தன. அண்டா நிறைந்ததும் திட்டும் நின்றது. “வெயிலில் வந்திருக்கிறாய் மனே, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ” என்று அவனைக் கூப்பிட்டதும் அதே வாய்தான். அவன் உட்கார்ந்தே குடித்தான். புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் அந்தப் பாக்கியம் பெற்றவன் அவன் ஒருவனே.

கணவருக்கு இப்போது வாய் திறக்கத் துணிவு வந்தது. “பார்த்தீர்களா அம்மா, மழை வரவில்லை. கைபேசி சொன்னதுதான் சரி.”

மாமி நனைந்த சேலையைப் பிழிந்தபடி நிமிர்ந்தார். “எறும்பு தண்ணீர் வரும் என்றுதான் சொன்னது. மேலாலா வரும், வீதியாலா வரும் என்று நான் கேட்கவில்லை.”

கலந்துபோன நெல்லைப் பிரிப்பது பற்றி இரு மச்சாள்மாரும் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். சம்பா உருண்டை, நாடு நீளம். உற்றுப் பார்த்தால் தெரியும். ஆனால் மூடைக்கணக்கில் உற்றுப் பார்க்க யாரால் முடியும்? சுளகில் புடைத்துப் பார்த்தார்கள், பதர்தான் பிரிந்தது. கடைசியில் கலந்த பகுதியை ஒன்றாகக் குவித்து, மரைக்காலால் ஆளுக்கு ஒன்றாக அளந்து பிரித்தார்கள். மாமி அளந்ததைப் பெரியம்மா எண்ணினார், பெரியம்மா அளந்ததை மாமி எண்ணினார். கடைசி மரைக்கால் நிறையவில்லை. “நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், மச்சாள்” என்று இருவரும் ஒருவருக்கொருவர் தள்ளிக்கொண்டிருந்த இடைவெளியில் அதைச் சேவல் எடுத்துக்கொண்டது.

அன்றிரவு ஈரநெல் வீட்டுக்குள் பரந்து கிடந்து ஊருக்கே மணத்தது. கணவர் யானை வெடியும் டோர்ச்சுமாக விறாந்தையில் விழித்திருந்தார். நள்ளிரவில் வேலிப் பக்கம் ஏதோ முறிய, ஒரு வெடியும் போட்டார். விடிந்து பார்த்தால் பெரியம்மாவின் பசு மூன்று வளவு தாண்டி நின்றது. அதற்காக அவர் கேட்ட கேள்விகளை இங்கே எழுதத் தேவையில்லை.

பிறகு வந்த வெயிலில் நெல் காய்ந்தது, மாமியின் கடைவாய் ‘டக்’ என்றது, மூடைகளை லாண்ட்மாஸ்டரில் ஏற்றி மில்லுக்குப் போனோம். மில்காரர் ஒரு கை நெல்லை அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். மணியின் பருமனைப் பார்த்துத்தான் உருளைகளின் இடைவெளியை அவர் சரிசெய்ய வேண்டும்; நாட்டுக்கு வைத்தால் சம்பா உமியோடு வரும், சம்பாவுக்கு வைத்தால் நாடு உடையும். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு கை அள்ளினார். சாக்கின் அடியில் கைவிட்டு அங்கிருந்தும் எடுத்துப் பார்த்தார்.

“இது என்ன இனம், அம்மா? புதிதாக வந்ததா?”

மாமி ஒரு கணமும் தயங்கவில்லை. “பவுசர்ச் சம்பா” என்றார்.

மில்காரர் தலையாட்டிக்கொண்டே கொப்பியைத் திறந்து, எங்கள் பெயருக்கு நேரே அதை அப்படியே எழுதிவைத்தார்.