ஊர் பெயர் இல்லாத தபால்தலை

கிண்ணத்துத் தண்ணீரில் ஊறிய காகிதத்திலிருந்து தபால்தலை ஒன்று தானாகக் கழன்று மிதந்தது.

சத்துவாச்சாரி வீட்டுப் பரணில் கிடைத்த பிஸ்கட் டப்பா. பெரியம்மா நர்ஸாக இருந்தபோது, வெளிநாட்டு டாக்டர்கள் கொடுத்த கவர்களிலிருந்து கத்தரித்துச் சேர்த்தவை.

தலையில் 'ஹெல்வெட்டியா' என்று அச்சிட்டிருந்தால் சுவிட்சர்லாந்து. 'சுவோமி' பின்லாந்து.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. ராணியின் தலை, விலை, அவ்வளவுதான்.

"பேரு போட மறந்துட்டாங்களாப்பா?" என்றாள் மகள்.

பிரிட்டன்! 1840இல் உலகின் முதல் தபால்தலையை வெளியிட்டவர்கள். அப்போது வேறெந்த நாட்டிலும் கிடையாது, பெயர் எதற்கு? இன்றுவரை அரச முகம்தான் அடையாளம்.

அப்புறம் ஓரத்தைப் பார்த்தேன். ஒரு பல்கூட அறுபடவில்லை. நைட் டூட்டி முடித்து வந்து எவ்வளவு பொறுமையாகக் கத்தரித்திருப்பார்!

இது எந்த நாடு என்று பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்குமா? இருக்கும்போதே கேட்டிருக்கலாம்.