எடையை விட வயிற்றுச் சுற்றளவு

கடைசி மாதங்களில் ஸ்கேனுக்கு வரும் தாய்மார்கள் முதலில் கேட்பது குழந்தையின் எடையைத்தான். கம்மி என்று தெரிந்ததும், "நான் சரியா சாப்பிடலையா டாக்டர்?" என்பார்கள். வளர்ச்சி குன்றுவதற்குப் பெரும்பாலும் நஞ்சுக்கொடி சரியாகச் செயல்படாததுதான் காரணம். அதை அவர்களிடம் சொல்லாமல் நான் அடுத்த வேலைக்குப் போவதில்லை.

தலை, வயிறு, தொடை எலும்பு அளவுகளைச் சூத்திரத்தில் போட்டுக் கணிப்பதுதான் இந்த எடை. 10 முதல் 15 சதவீதம் கூடலாம், குறையலாம். எனக்கு வயிற்றுச் சுற்றளவுதான் முக்கியம். ஊட்டம் குறைந்தால் குழந்தை மூளைக்கு ரத்தத்தை ஒதுக்கிக்கொள்ளும்; கல்லீரலின் சேமிப்பு கரையும், வயிறு சிறுக்கும். இரைப்பையும் கல்லீரலுக்குள் வளையும் தொப்புள் சிரையும் ஒரே குறுக்குவெட்டில் தெரிய வேண்டும். தாயின் வயிற்றில் வைக்கும் ஸ்கேன் கருவியை (புரோப்) அழுத்திவிட்டால் வட்டம் நீள்வட்டமாகி அளவு தப்பும். குழந்தை முதுகை மேலே காட்டிக் கிடந்தால் எலும்பின் நிழல் மறைக்கும். அப்போது தாயை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். வெளியே வரிசை நின்றாலும் இந்த ஒரு அளவில் நான் அவசரப்படுவதில்லை.

முதல் மூன்று மாத ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குவேன். வாரக் கணக்கு தவறினால் நன்றாக வளரும் குழந்தையும் சிறியதாகத் தெரியும்.

அதே வாரத்துக் குழந்தைகள் நூறு பேரை எடை வரிசையில் நிறுத்தினால், கடைசிப் பத்துப் பேர் 10-வது சென்டைல் என்ற கோட்டுக்குக் கீழேதான் வருவார்கள். அவர்களில் பலர் இயல்பிலேயே சிறிய உடல்வாகு கொண்டவர்கள். ஊட்டமில்லாமல் சிறுத்தவர்களைப் பிரித்தறியத்தான் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். அதிலும் 36 வாரத்துக்கு மேல் தொப்புள்கொடித் தமனி மட்டும் போதாது. அது இயல்பாக இருக்கும்போதே மூளைத் தமனியில் மாற்றம் தெரியலாம். இரண்டையும் பார்க்காமல் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று எழுத எனக்கு மனம் வராது.

எல்லோருக்கும் இந்த ஸ்கேன் வேண்டுமா? கேம்பிரிட்ஜில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் ஸ்கேன் செய்தபோது சிறிய குழந்தைகளில் 20 சதவீதம் பேரே பிடிபட்டார்கள்; எல்லோருக்கும் செய்தபோது 57 சதவீதம். ஆனால் 2019-ல் வெளியான, 13,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட நெதர்லாந்து ஆய்வில், கூடுதலாகக் கண்டுபிடித்தும் கடுமையான பாதிப்புகள் குறையவில்லை. ஆகவே, 36-வது வாரத்தில் ஒரு ஸ்கேன் நல்லது என்றுதான் நினைக்கிறேன். அதன் பிறகு யார், எப்போது, எதைப் பார்ப்பது என்பதும் அன்றே முடிவாக வேண்டும்.

வளர்ச்சியை மறுபடி அளக்க இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். அதனால் அனுப்பும்போது தேதியோடு இதையும் சொல்வேன்: "அசைவு குறைஞ்ச மாதிரி இருந்தா இந்தத் தேதிக்குக் காத்திருக்காதீங்கம்மா. நடுராத்திரியானாலும் வந்துடுங்க."